ஊரா, ஜனமா? புவெப்லோ பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு பயணக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "புவெப்லோ என்றால் ஸ்பானிஷில் கிராமம்" என்று அரை வரி போட்டுவிட்டேன். அந்த அரை வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். சரி, இந்த வாரம் முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

*

கேள்வி: மகன் அல்புகர்க்கியில் வேலை பார்க்கிறான். மூன்று மாதம் அவன் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். காரில் போகும்போதெல்லாம் அக்கோமா புவெப்லோ, லகூனா புவெப்லோ என்று பலகைகள் வரும். மகனைக் கேட்டால் "அது ஒரு இனத்தோட பெயரும்மா" என்கிறான். பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரம்மா "எங்க பக்கம் எல்லாச் சின்ன ஊரும் புவெப்லோதான்" என்கிறார். நீங்கள் கிராமம் என்று எழுதுகிறீர்கள். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, மெக்சிகோக்காரம்மாவுக்கு முதல் மார்க். மகனுக்கு இரண்டாவது. நான்தான் கடைசி.

லத்தீனில் போபுலஸ் என்றால் மக்கள். அதுதான் ஸ்பானிஷில் புவெப்லோ ஆனது. ஆங்கிலத்தின் பீப்பிள், பாப்புலர் எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவை. மக்கள் என்ற அந்தப் பழைய பொருளை விடாமலே, அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கும் ஸ்பானிஷ்காரர்கள் அதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். 1978-ல் வந்த ஸ்பெயின் அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே, நாட்டின் இறையாண்மை ஸ்பானியப் 'புவெப்லோ'விடம் இருக்கிறது என்று வருகிறது. அங்கே போய்க் கிராமம் என்று மொழிபெயர்த்தால் நாடு சிரிக்கும்.

என் தப்பு எங்கே என்றால், 'ஊர்' என்று ஒரு சொல் கையில் இருக்கும்போது கிராமத்தைத் தேடிப் போனதுதான். ஊர் சிரிக்கும், ஊர் தூற்றும், ஊர் கூடித் தேர் இழுக்கும். கிராமம் சிரித்து யாராவது பார்த்திருக்கிறோமா? நம் 'ஊர்' இடத்தையும் குறிக்கும், அதில் இருக்கிற ஜனத்தையும் குறிக்கும், இரண்டையும் பிரிக்கவே முடியாது. புவெப்லோவும் அப்படித்தான். அளவு ஒரு பொருட்டே இல்லை. இருநூறு பேர் இருந்தாலும் புவெப்லோ, பத்தாயிரம் பேர் இருந்தாலும் புவெப்லோ. ஸ்பெயினில் அரசாங்கத் தாளில் வருவது 'முனிசிப்பியோ' என்ற சொல். புவெப்லோ ஜனங்களின் வாயில் இருக்கிற சொல்.

மாட்ரிட்டில் பிறந்து மாட்ரிட்டிலேயே வளர்ந்தவரும் ஆகஸ்ட் வந்தால் "மி புவெப்லோவுக்குப் போறேன்" என்பார். என் ஊருக்கு என்று அர்த்தம். அவர் அங்கே ஒரு நாள்கூடக் குடியிருந்திருக்க மாட்டார், தாத்தாவோ பாட்டியோ பிறந்த இடமாக இருக்கும். திருவிழா, பழைய வீட்டுப் பூட்டைத் திறப்பது, தெருவில் நாற்காலி போட்டு ராத்திரி ஒரு மணி வரை பேசுவது, இதற்காகத்தான் போவது. அப்படிப் போக இடமில்லாதவர் "எனக்குப் புவெப்லோ இல்லை" என்று கொஞ்சம் வருத்தமாகவே சொல்வார். தீபாவளி சமயத்துக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே சொல் வசவாகவும் மாறும். 'தெ புவெப்லோ' என்று ஒருவரைச் சொன்னால் பட்டிக்காடு. 'புவெப்லெரினோ' என்றாலும் கிட்டத்தட்ட அதே. 'புவெப்லுச்சோ' என்றால் ஒன்றுக்கும் உதவாத பட்டி, 'புவெப்லீத்தோ' என்றால் செல்லமான சின்ன ஊர். பழமொழியும் உண்டு: "புவெப்லோ சீக்கோ, இன்ஃபியெர்னோ கிராந்தே." ஊர் சின்னது, நரகம் பெரிசு. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று ஜன்னல் வழியாகக் கணக்கெடுக்கிற தெருவில் குடியிருந்தவர்தான் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உங்கள் மகன் சொன்னது. 1540-ல் கொரோனாடோ என்ற ஸ்பானியத் தளபதி, தங்கத்தால் ஆன ஏழு நகரங்கள் வடக்கே இருக்கின்றன என்ற வதந்தியை நம்பிப் படையோடு இன்றைய நியூ மெக்சிகோவுக்கு வந்தார். தங்கம் இல்லை. மண்ணாலும் கல்லாலும் அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகள் இருந்தன, சுற்றிலும் சோளக்கொல்லை (மக்காச்சோளம்), நடுவில் பொது முற்றம். பக்கத்திலேயே அலைந்து திரிந்து வேட்டையாடும் அப்பாச்சி போன்றவர்களும் இருந்தார்கள். இவர்கள் மட்டும் ஓரிடத்தில் ஊர் கட்டி இருந்ததால் ஸ்பானியர் 'புவெப்லோ' என்றார்கள். முதலில் அந்த ஊர்களுக்கு மட்டும் பெயர், அப்புறம் அந்த ஜனங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அமெரிக்க ஆங்கிலத்தில் இன்றைக்குப் புவெப்லோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவர்கள்தான். நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோக்கள், டெக்சாஸில் எல் பாசோ பக்கம் ஒன்று, அரிசோனாவில் ஹோபி மக்களின் ஊர்கள். நீங்கள் பார்த்த பலகைகள் இந்தப் பத்தொன்பதில் சில.

*

கேள்வி: அவர்களே தங்களைப் புவெப்லோ என்று சொல்லிக்கொள்வார்களா? வெளியே இருந்து வந்தவன் வைத்த பெயர்தானே?
(ஒரு வாசகர், தர்மபுரி)

பதில்: வெளியாட்களிடம் பேசும்போது சொல்வார்கள். வீட்டுக்குள் வேறு.

முதலில், இவர்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள் இல்லை. தீவா, தேவா, தோவா என்று தம்மில் உறவுள்ள மூன்று மொழிகள், கேரெஸ் என்று தனியாக ஒன்று, எதோடும் ஒட்டாத ஜூனி, அப்புறம் ஹோபி. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் நூற்றாண்டுக் கணக்கில் இருந்திருக்கிறார்கள். வீடு கட்டும் விதத்தைப் பார்த்து இவர்களையெல்லாம் ஒரே பெயருக்குள் போட்டது ஸ்பானியர்.

தேவா மொழியில் ஊருக்கு 'ஓவிங்கே' என்று பெயர். 1598-ல் ஒன்யாத்தே என்ற ஸ்பானியர் வந்து 'சான் ஹுவான்' என்று பெயர் வைத்த ஊர் ஒன்று உண்டு. நானூறு வருஷம் அரசாங்கக் காகிதத்தில் அப்படியே இருந்தது. 2005-ல் அந்த ஊர்க்காரர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய பெயரையே அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டார்கள்: ஓகே ஓவிங்கே. திடமான மக்களின் ஊர் என்று பொருள் சொல்கிறார்கள். சரியாகப் பாருங்கள், பெயரிலேயே 'ஊர்' வந்துவிட்டதால் பின்னால் புவெப்லோ என்ற வால் தேவைப்படவில்லை.

இந்த ஊர்க்காரர்தான் போபே. 1680 புரட்சியின் தலைவர். அதுவரை ஸ்பானியப் பாதிரிகளும் அதிகாரிகளும் இவர்களுடைய நடனங்களைத் தடை செய்வதும், 'கீவா' என்கிற தரைக்குக் கீழே தோண்டிக் கட்டிய சடங்கு அறைகளைச் சூறையாடுவதும், சோளமும் கூலியில்லா உழைப்பும் வரியாகக் கேட்பதுமாக இருந்தார்கள். போபேயையே சூனியக்காரர் என்று பிடித்துச் சாட்டையால் அடித்திருக்கிறார்கள். வேறு வேறு மொழி, ஒரு கோடி ஊருக்கும் மறு கோடி ஊருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், எழுத்து கிடையாது. எல்லா ஊரும் ஒரே நாளில் எழ வேண்டும். எப்படிச் சேதி சொல்வது? முடிச்சுப் போட்ட கயிறு. ஓடுகிற இளைஞர்கள் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். தினம் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாள்தான் நாள். இரண்டு ஓட்டக்காரர்கள் ஸ்பானியரிடம் சிக்கிக்கொண்டதால் குறித்த நாளுக்கு முன்பே, ஆகஸ்ட் 10-ல், ஆரம்பித்துவிட்டார்கள். 21 பாதிரிகள் உட்பட ஏறக்குறைய 400 ஸ்பானியர் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் எல் பாசோ பக்கம் ஓடினார்கள். ஸ்பானியர் திரும்பி வரப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போபேயின் கல் சிலை இருக்கிறது, 2005-ல் நியூ மெக்சிகோ கொடுத்தது. கையில் முடிச்சுக் கயிறு. ஒன்யாத்தே வைத்த பெயரை ஊர்க்காரர்கள் கழற்றிய அதே வருஷம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியே இருந்து வந்தவன் வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் அடைக்கப்பட்ட ஊர்களில் பெரும்பாலானவை ஒன்றாகச் சேர்ந்து பெயர் வைத்தவனையே துரத்திய பிறகு, அந்தப் பெயர் யாருடையது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

*

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். புவெப்லோ மக்கள் "பழங்குடிகளே அல்ல" என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு காலத்தில் சொன்னதாக வகுப்பில் பேராசிரியர் போகிற போக்கில் சொன்னார். எப்படி அப்படிச் சொல்ல முடியும்?
(ஒரு மாணவி, மதுரை)

பதில்: சொல்ல முடிந்தது, அதுவும் இந்த ஊர் என்கிற சொல்லை வைத்தே.

1848-ல் மெக்சிகோவோடு நடந்த போர் முடிந்து இந்த நிலப்பரப்பு அமெரிக்காவிடம் வந்தது. பழங்குடி நிலத்தில் வெளியாட்கள் குடியேறக் கூடாது என்று அமெரிக்காவில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. அந்தப் பத்தொன்பதில் ஒன்றான டாவ்ஸ் புவெப்லோவின் நிலத்தில் ஒருவர் போய் உட்கார்ந்துகொள்ள, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1876-ல் தீர்ப்பு: இவர்கள் ஊர் கட்டி, உழுது, அமைதியாக, நேர்மையாக வாழ்கிறவர்கள், ஆகவே அந்தச் சட்டம் சொல்கிற பழங்குடிகள் இவர்கள் இல்லை. வாயாரப் புகழ்ந்துவிட்டுச் சட்டத்தின் பாதுகாப்பைக் கழற்றிவிட்டார்கள். விளைவு என்ன ஆகும் என்று சட்டம் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கியவர், ஏமாற்றி வாங்கியவர், வேலி போட்டவர் என்று ஆயிரக்கணக்கில் வெளியாட்கள் உள்ளே வந்தார்கள்.

அப்புறம் 1913. சாந்தா கிளாரா புவெப்லோவுக்குள் சாராயம் கொண்டுபோன ஒருவர் மீதான வழக்கு. பழங்குடி நிலத்துக்குள் மது கூடாது என்ற சட்டம் இங்கே செல்லுமா என்ற கேள்வி வந்ததும் நீதிமன்றம் தலைகீழாகத் திரும்பியது. இவர்களும் பழங்குடிகள்தான், மத்திய அரசின் பாதுகாப்புக்குள் வருகிறவர்கள்தான் என்றது. சரி, நல்லது. ஆனால் காரணம் சொன்ன விதம் இருக்கிறதே! விவரமில்லாதவர்கள், மூடநம்பிக்கைக்காரர்கள், தாழ்ந்த நிலையில் இருப்பவர்கள் என்றெல்லாம் எழுதித்தான் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தார்கள். முதல் தீர்ப்பில் பாராட்டு கிடைத்தது, நிலம் போனது. இரண்டாவதில் ஏச்சு கிடைத்தது, நிலம் நின்றது. பறிபோன நிலங்களை ஊர் ஊராகக் கணக்கெடுக்க 1924-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டு தீர்ப்பையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், பேராசிரியர் ஏன் போகிற போக்கில் சொன்னார் என்று கோபம் வரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஒவ்வொரு புவெப்லோவுக்கும் ஒரு 'கவர்னர்' உண்டு. ராஜ்பவனை நினைக்க வேண்டாம், ஊர்த் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர் விட்டுப்போன பதவிப் பெயர் அது. பதவிக்கு அடையாளம் கைத்தடி. ஸ்பெயின் மன்னர் காலத்துத் தடி ஒன்று. அதோடு லிங்கன் கொடுத்த கருங்காலித் தடி, வெள்ளிப் பூணில் ஊர்ப் பெயர், 1863 என்ற வருஷம், அவர் பெயர் பொறித்தது. புது கவர்னர் வரும்போதெல்லாம் தடிகள் கைமாறும். லிங்கன் தடியைக் கொடுத்த பதின்மூன்றாவது வருஷம்தான் அந்த முதல் தீர்ப்பு வந்தது.

*

கேள்வி: டாவ்ஸ் புவெப்லோவை நேரில் பார்த்தீர்களா? படத்தில் பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கிறது.
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: பார்த்தேன், ஒரே ஒரு காலை நேரம். கோட்டை இல்லை, மேலே போகப் போகக் குறுகுகிற வீட்டு அடுக்கு. கீழ் வீட்டின் மொட்டை மாடி மேல் வீட்டுக்கு முற்றம். வடக்கே ஒரு அடுக்கு, தெற்கே ஒரு அடுக்கு, நடுவில் தெளிந்த சின்ன ஓடை. மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து வெயிலில் காய வைத்த பச்சைக்கல்தான் சுவர். 'அடோபே' என்கிறார்கள். அந்தச் சொல் எகிப்திலிருந்து அரபி வழியாக ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இங்கே வந்தது. ஆனால் மண்வீடு இவர்களுடையது, ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்தது. அச்சில் வார்த்துக் கல்லாக எடுக்கும் முறைதான் அவர்களோடு வந்தது. முன்காலத்தில் கீழ்த் தளத்துக்குக் கதவே கிடையாது, ஏணி வைத்துக் கூரை வழியாக இறங்க வேண்டும். எதிரி வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் முடிந்தது கதை.

பழைய சுவருக்குள் மின்சாரமும் குழாயும் இல்லை, வேண்டாம் என்று அவர்களே வைத்திருக்கிறார்கள். எங்களைச் சுற்றிக் காட்டிய பையன் அந்த ஊர்க்காரன், கல்லூரி மாணவன். அவன் நின்று காட்டியது ஒரு சுவரின் மூலை. மேல் பூச்சு உரிந்து, உள்ளே வைக்கோல் துண்டுகள் பல்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. "ஒரு மழைக்காலம் பூசாம விட்டா வீடு மண்ணுக்கே போயிடும்" என்றான். வருஷா வருஷம் பூச வேண்டும், மண் அவர்கள் மண்ணாகவே இருக்க வேண்டும். வெளியே தேன்கூடு வடிவத்தில் களிமண் அடுப்பு, அதில் சுட்ட ரொட்டி ஒன்று வாங்கினேன். மேல் தோல் நம் வறுக்கி போல, உள்ளே பஞ்சு.

ஓடை மேலே நீல ஏரியிலிருந்து வருகிறது. அவர்களுக்கு அது கோயில். 1906-ல் அரசு அதைச் சுற்றிய காட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. அறுபத்து நான்கு வருஷம் விடாமல் கேட்டு, 1970-ல் நிக்சன் கையெழுத்துப் போட்டு 48,000 ஏக்கர் திரும்ப வந்தது. அங்கே வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, அந்தப் பையனும் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று: சடங்கு நாட்களில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், எந்த நாளானாலும் ஆளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது ஜனங்கள் குடியிருக்கிற ஊர்.

*

கேள்வி: மகள் பிலிப்பைன்சில் டாவாவோவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். விலாசத்தில் 'போப்லாசியோன்' என்று வருகிறது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் ஒரு போப்லாசியோன். இதுவும் அந்தச் சொல்தானா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: அதே குடும்பம். போப்லாசியோன் என்றால் ஸ்பானிஷில் மக்கள்தொகை, குடியிருப்பு. பிலிப்பைன்சில் அது ஊரின் நடுப்பகுதி, நம் 'டவுன்' மாதிரி. மதுரையில் ஆட்டோக்காரர் "டவுனுக்குள்ள போகணுமா?" என்று கேட்பாரே, அந்த டவுன். ஸ்பானியர் அங்கே சிதறிக் கிடந்த குடிகளைத் தேவாலயத்தைச் சுற்றிக் குடியமர்த்தினார்கள். 'மணியோசைக்குக் கீழ்' என்று ஒரு தொடரே உண்டு, தேவாலய மணி காதில் விழும் தூரத்துக்குள் இருப்பவன் அடங்கிய குடிமகன், அதைத் தாண்டி மலையில் இருப்பவன் அடங்காதவன். மணிக்கூண்டு, சதுக்கம், நகராட்சி மன்றம் சேர்ந்த அந்த நடுப்பகுதிதான் எல்லா ஊரிலும் போப்லாசியோன் ஆனது. அதனால்தான் எங்கே போனாலும் ஒன்று. மகளிடம் பார்சல் அனுப்பும்போது பேட்டைப் பெயரை மட்டும் எழுதாமல் நகரத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

*

கேள்வி: லாஸ் ஏஞ்சல்சும் புவெப்லோவா?
(ஒரு வாசகர், ஆவடி)

பதில்: பிறந்தது அப்படித்தான். 1781-ல் 44 பேர் வந்து குடியேறிய புவெப்லோ. ஸ்பானியர் கலிபோர்னியாவில் மூன்று விதமாக இடம் பிடித்தார்கள்: படை இருந்தால் பிரெசிடியோ, பாதிரி இருந்தால் மிஷன், உழுது பிழைக்கும் குடும்பங்கள் இருந்தால் புவெப்லோ. வேடிக்கை என்னவென்றால், புவெப்லோவாகப் பிறந்த ஊருக்கு அதன் ஆற்றுத் தண்ணீரில் முதல் பாத்தியதை உண்டு என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கோர்ட்டில் வாதாடி ஜெயித்திருக்கிறது. 1899-லும் ஜெயித்தது, 1975-லும் ஜெயித்தது. 44 பேர் ஊருக்கான தண்ணீர் உரிமையைப் பல லட்சம் பேர் இருக்கும் நகரம் காட்டி வாங்கிக்கொண்டது. நியூ மெக்சிகோ உச்ச நீதிமன்றமும் 1958-ல் இதை ஏற்றது, 2004-ல் "அது தப்பு" என்று தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டது.

*

கேள்வி: பெரு நாட்டில் சேரிகளைப் 'புவெப்லோ ஹோவென்' என்பார்களாமே?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: இளைய ஊர் என்று பொருள். லிமாவைச் சுற்றி மணல்மேட்டில் மூங்கில் பாயை நட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குடியேறியவர்களின் இடத்துக்கு 'பர்ரியாதா' என்று ஒரு இளக்காரமான பெயர் இருந்தது. 1968-ல் வந்த ராணுவ அரசு அதை மாற்றி இந்தப் பெயரை வைத்தது. பெயர் மாறினால் கூரை ஒழுகுவது நிற்காது. ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் என்று சொல்லிவிட்டாய், அப்படியானால் தண்ணீர் லாரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, பட்டா எங்கே என்று கேட்க அது வசதியாக இருந்தது. 1971-ல் பாலைவனத்தில் தொடங்கிய வில்லா எல் சால்வடோர் இன்று லிமாவின் முழு மாவட்டம்.

*

கேள்வி: வட கொரியா பிடித்து வைத்திருக்கும் புவெப்லோ கப்பலுக்கும் இந்தப் பழங்குடிகளுக்கும் என்ன சம்பந்தம்?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: நேராக ஒன்றுமில்லை. கொலராடோ மாநிலத்தில் புவெப்லோ என்றே ஒரு நகரம் இருக்கிறது, இரும்பாலைக்குப் பேர்போனது. அமெரிக்கக் கடற்படையின் அந்த உளவுக் கப்பலுக்கு இந்த ஊரின் பெயர். 1968 ஜனவரியில் 83 பேரோடு பிடித்தார்கள், ஒருவர் அப்போதே இறந்தார், மற்ற 82 பேரைப் பதினொரு மாதம் கழித்து விட்டார்கள். கப்பலை விடவில்லை. பியோங்யாங்கில் ஆற்றோரம் கட்டி வைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அமெரிக்கக் கடற்படைப் பட்டியலில் அது இன்னும் பணியில்தான் இருக்கிறது.